மாத்திரையைப் பூட்டாதீர்கள், விதியைச் சொல்லுங்கள்!

தினசரி கருத்தடை மாத்திரைகளுக்கு எதிரே மருத்துவப் புத்தகங்களில் இரண்டு எண்கள் போட்டிருக்கும். ஒன்று 0.3. இன்னொன்று 7.

சொன்னபடி, சொன்ன நேரத்தில், ஒரு நாள்கூடத் தவறாமல் சாப்பிடும் 1000 பெண்களில் ஒரு வருடத்தில் 3 பேர் கருத்தரிப்பார்கள் என்பது முதல் எண்ணின் பொருள். வேலை, குழந்தை, பயணம், காய்ச்சல், மறதி என்று நிஜ வாழ்க்கையில் சாப்பிடும் 1000 பெண்களில் 70 பேர் கருத்தரிப்பார்கள் என்பது இரண்டாவது எண்ணின் பொருள். மாத்திரை ஒன்றுதான். அதே மருந்து, அதே அட்டை. பிறகு 3 எப்படி 70 ஆனது?

இந்தக் கேள்விக்கு உலகம் முழுக்க ஒரே பதில் தயாராக இருக்கிறது. "பெண்கள் மறந்துவிடுகிறார்கள்." அவ்வளவுதான், விசாரணை முடிந்தது! குற்றவாளி பிடிபட்டாயிற்று. அந்தப் பெண்ணிடம் எதைச் சொல்லிக் கொடுத்தார்கள், எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்று யாரும் கேட்பதில்லை. மறதி உண்மைதான். ஆனால் அந்த 70 பேரில் எல்லோரும் மறந்தவர்கள் இல்லை. எவ்வளவு நேரம் தாமதித்தால் ஆபத்து என்று தெரியாதவர்கள், வாந்தி எடுத்தால் என்ன செய்வது என்று தெரியாதவர்கள், நடுவில் ரத்தப்போக்கு வந்ததும் பயந்து நிறுத்தியவர்கள், வேறொரு மருந்து இதைக் கெடுக்கும் என்று யாரும் சொல்லாததால் அறியாதவர்கள்.... இவர்களையும் சேர்த்துத்தான் "மறதி" என்ற ஒரே மூட்டையில் கட்டுகிறார்கள்.

இந்த அநியாயம் மிகத் தெளிவாகத் தெரிவது 'மினி மாத்திரை' என்று அழைக்கப்படும் புரோஜெஸ்டோஜென் மட்டுமே உள்ள மாத்திரை விஷயத்தில். காரணம், கருத்தடை மாத்திரைகளிலேயே விதி மிக முக்கியமானது இதற்குத்தான். விதியைச் சொல்லாமல் இதைக் கொடுப்பது பாதி மருந்தைக் கொடுப்பதற்குச் சமம்.

இது என்ன மாத்திரை?

பெரும்பாலானோர் அறிந்த கருத்தடை மாத்திரையில் (மாலா-டி, மாலா-என் போன்றவை) இரண்டு ஹார்மோன்கள் இருக்கின்றன. ஈஸ்ட்ரோஜென், புரோஜெஸ்டோஜென். மினி மாத்திரையில் ஈஸ்ட்ரோஜென் கிடையாது. ரத்தக்குழாயில் ரத்தம் கட்டுவது, பக்கவாதம் போன்ற அபூர்வமான ஆனால் பெரிய ஆபத்துகளைக் கூட்டுவது பெரும்பாலும் அந்த ஈஸ்ட்ரோஜென்தான். அதனால்தான் கூட்டு மாத்திரை கூடாது என்று சொல்லப்படும் பல பெண்களுக்கு மினி மாத்திரை ஒத்துவருகிறது. 35 வயதைத் தாண்டிப் புகைபிடிப்பவர்கள், ரத்த அழுத்தம் உள்ளவர்கள், கண்ணில் மின்னல் வெட்டுவதுபோல் தெரிந்து பிறகு ஒற்றைத் தலைவலி வருகிறவர்கள், எல்லாவற்றுக்கும் மேலாகத் தாய்ப்பால் கொடுப்பவர்கள்! பிரசவமான உடனேயே பாலூட்டும் தாய் இதைத் தொடங்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் தன் வழிகாட்டியைத் திருத்தியது.

இது வேலை செய்யும் விதத்தில்தான் கடிகாரத்தின் ரகசியம் இருக்கிறது. பழைய வகை மினி மாத்திரைகளின் முக்கிய வேலை, கருப்பை வாயில் இயற்கையாக ஊறும் திரவத்தைக் கெட்டியாக்கி விந்தணு உள்ளே போகாமல் தடுப்பது. இந்தத் தடுப்பு மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் பலமாகிறது. 24 மணி நேரம் நெருங்க நெருங்கத் தளர்கிறது. அடுத்த மாத்திரை வராவிட்டால் கதவு மெல்லத் திறக்கிறது. மினி மாத்திரையில் மருந்தின் அளவு மிகக் குறைவு என்பதால் கையிருப்பு என்று எதுவும் உடம்பில் மிஞ்சுவதில்லை. "தினமும் ஒரே நேரத்தில்" என்ற விதி யாரோ டாக்டரின் கண்டிப்பு அல்ல, அது மருந்தின் இயல்பு.

இந்த ஒரு காரணத்தைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. சொன்னால் எந்தப் பெண்ணுக்கும் புரியும். பால் உறை ஊற்றும் நேரமும் மாவு புளிக்கும் நேரமும் தெரிந்தவர்களுக்கு இது புரியாதா?

ஒரே பெயர், மூன்று கடிகாரங்கள்

மினி மாத்திரை என்பது ஒரே மருந்து அல்ல. நார்எத்திஸ்டெரோன், லெவோநார்ஜெஸ்ட்ரல், நார்ஜெஸ்ட்ரல் ஆகியவை பழைய வகை. இவற்றில் வழக்கமான நேரத்திலிருந்து 3 மணி நேரம் தாண்டினாலே மாத்திரை தவறியதாகக் கணக்கு. டெசோஜெஸ்ட்ரல் (75 மைக்ரோகிராம்) அடுத்த தலைமுறை. இது திரவத்தைக் கெட்டியாக்குவதோடு நிற்காமல் 100 மாதச் சுழற்சிகளில் 97-ல் கருமுட்டை வெளிவருவதையே நிறுத்திவிடுகிறது. அதனால் இதற்கு 12 மணி நேரம் வரை சலுகை உண்டு. டிரோஸ்பிரினோன் (4 மில்லிகிராம்) அதற்கும் புதியது. அமெரிக்காவில் 2019-ல் அனுமதி பெற்றது. இதற்கு 24 மணி நேரச் சலுகை.

3, 12, 24. கையில் இருப்பது எது என்று தெரியாத பெண்ணுக்கு இதில் எந்த எண்ணும் உதவாது. அட்டையில் பொடி எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும். அதை விரலால் காட்டி "இது 12 மணி நேர வகை" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தை எத்தனை இடங்களில் சொல்லப்படுகிறது?

இன்னொரு கண்ணி, இடைவெளி. மாலா-என் அட்டையில் 21 ஹார்மோன் மாத்திரை, 7 இரும்புச்சத்து மாத்திரை. அந்த 7 நாளில் ஹார்மோன் இல்லை, மாதவிலக்கு வரும். இதற்குப் பழகிய பெண் பழைய வகை மினி மாத்திரைக்கோ டெசோஜெஸ்ட்ரலுக்கோ மாறினால், பழக்கத்தில் ஒரு வாரம் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. ஆனால் இவற்றில் ஓய்வு வாரமே கிடையாது! 28-ம் சாப்பிட வேண்டியவை. அட்டை முடிந்த மறுநாளே அடுத்த அட்டை. மாதவிலக்கு நடந்துகொண்டிருந்தாலும் மாத்திரை நிற்கக்கூடாது. (டிரோஸ்பிரினோன் மட்டும் விதிவிலக்கு. அதில் 24 மருந்து மாத்திரை, 4 வெறும் மாத்திரை.) ஒரு வாரம் நிறுத்திக் கருத்தரித்த பெண்ணை "மறந்துவிட்டாள்" என்று எழுதுவது என்ன நியாயம்? அவள் மறக்கவில்லை. முன்பு சொல்லிக் கொடுத்ததை அப்படியே செய்தாள்!

சொல்ல வேண்டியவை இவ்வளவுதான்

விதி என்றதும் பெரிய புத்தகம் என்று பயப்பட வேண்டாம். பழைய வகைக்கும் டெசோஜெஸ்ட்ரலுக்கும் மொத்தமே இவ்வளவுதான்:

தொடங்குவது: மாதவிலக்கு ஆரம்பித்த முதல் 5 நாட்களுக்குள் தொடங்கினால் பொதுவாக அன்றே பாதுகாப்பு. மற்ற நாளில் தொடங்கினால், கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, முதல் 2 நாட்கள் ஆணுறையும் சேர்த்துப் பயன்படுத்த வேண்டும். பிரசவமாகி 21 நாட்களுக்குள் தொடங்கினால் கூடுதல் பாதுகாப்பு தேவையில்லை. (அமெரிக்காவில் கடையில் விற்கும் நார்ஜெஸ்ட்ரல் மாத்திரையின் குறிப்பு, எந்த நாளில் தொடங்கினாலும் முதல் 48 மணி நேரம் ஆணுறை என்று எளிமையாகச் சொல்லிவிடுகிறது.)

தவறினால்: ஞாபகம் வந்த உடனே ஒன்று. அடுத்தது வழக்கமான நேரத்தில். ஒரே நாளில் இரண்டு சாப்பிட நேர்ந்தாலும் பரவாயில்லை. ஒன்றுக்கு மேல் தவறியிருந்தாலும் சேர்த்து விழுங்க வேண்டாம், ஒன்று போதும். பிறகு 2 நாட்களுக்கு ஆணுறை. மாத்திரை தவறிய நேரத்துக்கும் இந்த 2 நாள் முடிவதற்கும் நடுவே பாதுகாப்பில்லாத உறவு நடந்திருந்தால் அவசர கருத்தடை பற்றி உடனே கேட்க வேண்டும். அதில் யூலிப்ரிஸ்டல் என்ற வகையைச் சாப்பிட்டால் மட்டும், மினி மாத்திரையை மறுபடி தொடங்க 5 நாள் காத்திருக்க வேண்டும். அதுவரையும் தொடங்கிய பிறகு 2 நாளும் ஆணுறை.

வாந்தி: சாப்பிட்ட 3, 4 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மாத்திரை உள்ளே போனதாகக் கணக்கில்லை. இன்னொன்று சாப்பிட வேண்டும். கடுமையான வயிற்றுப்போக்கு தொடர்ந்தால் அத்தனை நாளும், நின்று 2 நாள் வரையும் ஆணுறை.

டிரோஸ்பிரினோனுக்கு மட்டும் கணக்கு வேறு. அதை மாதவிலக்கின் முதல் நாள் தொடங்க வேண்டும். வேறு நாளில் தொடங்கினால் 2 நாள் அல்ல, 7 நாள் ஆணுறை. தவறவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் அதன் அட்டையோடு வரும் குறிப்பைத்தான் பார்க்க வேண்டும்.

பால்வினை நோய்களிலிருந்து எந்த மாத்திரையும் காப்பாற்றாது. அதற்கு ஆணுறைதான்.

ஒரு பக்கம்கூட ஆகவில்லை. ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். செல்போனில் அலாரம் வைப்பது, காலை காபிக்கோ இரவு பல் துலக்கும் நேரத்துக்கோ முடிச்சுப் போடுவது போன்றவற்றை அவளே பார்த்துக்கொள்வாள்.

யாரும் சொல்லாத இன்னொரு மருந்து

உலகத்தில் உள்ள டிபி நோயாளிகளில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் இந்தியாவில் இருக்கிறார்கள். டிபி சிகிச்சையின் முதுகெலும்பு ரிஃபாம்பிசின் என்ற மருந்து. வழக்கமான சிகிச்சையில் 6 மாதமும் அது உண்டு. இந்த ரிஃபாம்பிசின் கல்லீரலைத் தூண்டிவிட்டு, கருத்தடை மாத்திரையின் ஹார்மோனை வேகமாக அழித்துவிடுகிறது. ஒரு பெண் நிமிடம் தவறாமல் மினி மாத்திரை சாப்பிட்டாலும் பலன் கிடைக்காமல் போகலாம். சிகிச்சை முடிந்த பிறகும் இந்த விளைவு 4 வாரம் நீடிக்கும்.

வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயின், கார்பமாசெபின், ஃபீனோபார்பிட்டால், டோபிராமேட், சில எச்.ஐ.வி. மருந்துகள், செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை.... இவையும் இதே வேலையைச் செய்பவை. (சாதாரண காய்ச்சலுக்கும் தொண்டை வலிக்கும் கொடுக்கும் ஆன்டிபயாடிக் எதுவும் செய்யாது. அந்தப் பயம் வேண்டாம்.) வழி இல்லாமலும் இல்லை. காப்பர்-டி இருக்கிறது, 3 மாதத்துக்கு ஒருமுறை போடும் டி.எம்.பி.ஏ. ஊசி இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் 'அந்தரா' என்ற பெயரில் கொடுப்பது அதுதான். இரண்டையும் ரிஃபாம்பிசின் கெடுப்பதில்லை.

மாத்திரையை டாக்டர் சீட்டுக்குள் பூட்டி வைத்தால் இதெல்லாம் தானாகச் சரியாகிவிடுமா? டிபி மருந்து ஒரு இடத்தில், கருத்தடை இன்னொரு இடத்தில். இரண்டு பேரும் ஒரு கேள்வியைக் கேட்டால்தான் உண்டு. "வேறு என்ன மருந்து சாப்பிடுகிறாய்?" இந்தக் கேள்வியைச் சீட்டு கேட்காது. மனிதர்தான் கேட்க வேண்டும். யாரும் கேட்காவிட்டால், விஷயம் தெரிந்த பெண் தானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவாள்.

ரத்தப்போக்கு என்னும் பூதம்

மினி மாத்திரையைப் பெண்கள் பாதியில் நிறுத்துவதற்கு முக்கியமான காரணம் ஒழுங்கில்லாத ரத்தப்போக்கு. சிலருக்கு அடிக்கடி வரும், சிலருக்குச் சொட்டுச் சொட்டாகப் படும், சிலருக்கு மாதவிலக்கே நின்றுபோகும். டெசோஜெஸ்ட்ரல் சாப்பிட்டு ஒரு வருடம் ஆன பெண்களில் 10-ல் 5 பேருக்கு ரத்தப்போக்கு எப்போதாவதுதான், அல்லது அறவே இல்லை. 4 பேருக்கு ஓரளவு ஒழுங்காக வரும். ஒருவருக்குத்தான் அடிக்கடி வரும். முதல் சில மாதங்களில் தொல்லை அதிகம், போகப்போகக் குறைய வாய்ப்பு உண்டு.

இதை முதல் நாளே சொன்னால் "ஓ, இதுதானா அது" என்று இருப்பாள். சொல்லாவிட்டால்? மாதவிலக்கு நின்றதும் கர்ப்பம் என்று நடுங்குவாள், அல்லது "கெட்ட ரத்தம் உள்ளே தேங்குது" என்று பக்கத்து வீட்டில் சொல்வதை நம்புவாள். (எதுவும் தேங்குவதில்லை. கருப்பையின் உள்சுவர் மெல்லியதாகவே இருந்துவிடுவதால் வெளியேற ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.) மாத்திரை குப்பைக்குப் போகும். இரண்டு மாதம் கழித்து அவளும் அந்த 70-ல் ஒருத்தி ஆவாள். அறிக்கையில் என்ன எழுதுவார்கள்? மறதி!

யாருக்குக் கூடாது?

விதியைச் சொல் என்று கேட்பவர்கள் ஆபத்தை மறைக்கக் கூடாது. மார்பகப் புற்றுநோய் இருப்பவர்களும் முன்பு வந்தவர்களும் தாங்களாக இதைத் தொடங்கக் கூடாது. கல்லீரலில் கட்டியோ கடுமையான நோயோ இருப்பவர்களும் அப்படியே. காரணம் தெரியாத ரத்தப்போக்கு இருந்தால் முதலில் அது என்ன என்று பார்க்க வேண்டும். டிரோஸ்பிரினோன் ரத்தத்தில் பொட்டாசியத்தைக் கூட்டும் என்பதால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது. மாத்திரை சாப்பிடும்போதே அடிவயிற்றில் கடும் வலி வந்தால், அதுவும் கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகத்தோடு வந்தால், கரு குழாயில் தங்கியிருக்கக்கூடும். தாமதிக்காமல் மருத்துவமனை போக வேண்டும்.

புற்றுநோய் பற்றி 2023-ல் பிரிட்டனிலிருந்து ஒரு பெரிய ஆய்வு வந்தது. ஹார்மோன் கருத்தடை பயன்படுத்தும்போதும் அண்மையில் நிறுத்தியவர்களிடமும் மார்பகப் புற்றுநோய் ஆபத்து 20 முதல் 30 சதவீதம் கூடுகிறது, மினி மாத்திரைக்கும் கூட்டு மாத்திரைக்கும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை என்றது. உடனே "கருத்தடை மாத்திரையால் புற்றுநோய்!" என்று தலைப்பு ஓடியது. அதே ஆய்வு சொன்ன இன்னொரு கணக்கு தலைப்பில் வரவில்லை. 5 வருடம் பயன்படுத்துவதால் அடுத்த 15 வருடத்தில் கூடுதலாக வரக்கூடியது, 16 முதல் 20 வயதில் பயன்படுத்தியவர்களில் லட்சத்துக்கு 8 பேர், 35 முதல் 39 வயதில் பயன்படுத்தியவர்களில் லட்சத்துக்கு 265 பேர். இளம் வயதில் ஆபத்து மிகச் சிறியது, 35-க்கு மேல் யோசிக்க வேண்டியது. இரண்டையும் சொல்லி, முடிவை அவளிடம் விடுவதுதான் நேர்மை. பயமுறுத்துவதும் ஏமாற்று, ஒன்றுமே இல்லை என்பதும் ஏமாற்று.

துண்டுச்சீட்டுக்காகக் கத்திய பெண்கள்

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் அந்தத் துண்டுச்சீட்டு எப்படி வந்தது என்று தெரியுமா? முதல் கருத்தடை மாத்திரை அமெரிக்காவில் 1960-ல் அனுமதி பெற்றது. லட்சக்கணக்கான பெண்கள் சாப்பிட்டார்கள். ரத்தம் கட்டும் ஆபத்து பற்றிய தகவல் டாக்டர்களுக்கு மட்டும் போனது. 1969-ல் பார்பரா சீமன் என்ற பத்திரிகையாளர் இதைப் புத்தகமாக எழுதினார். 1970 ஜனவரியில் செனட்டர் கேலார்ட் நெல்சன் விசாரணை நடத்தினார். மாத்திரை சாப்பிட்ட பெண்களில் ஒருவரைக்கூடச் சாட்சியாக அழைக்கவில்லை! ஆலிஸ் வுல்ஃப்சனும் தோழிகளும் பார்வையாளர் பகுதியிலிருந்து எழுந்து கேள்வி கேட்டார்கள். எங்கள் உடம்புக்குள் போகும் மருந்தைப் பற்றி எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்பதுதான் அவர்கள் கேட்டதன் சாரம்.

அதே ஆண்டில், பெண்கள் படிக்கும்படி ஒரு எச்சரிக்கைச் சீட்டு மாத்திரையோடு வர வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை முடிவு செய்தது. நோயாளியிடம் நேரடியாகச் சொன்னால் டாக்டர் மீதுள்ள நம்பிக்கை போய்விடும் என்று எதிர்ப்பு வந்தது. வரைவு வெட்டப்பட்டுச் சில வரிகளாகச் சுருங்கியது. விரிவான சீட்டு 1978-ல்தான் வந்தது. ஆக, அந்தத் துண்டுச்சீட்டு மருந்து நிறுவனத்தின் தர்மம் அல்ல. சண்டை போட்டு வாங்கிய உரிமை.

அரை நூற்றாண்டு கழித்து அதே வாதம் வேறு வேடத்தில் திரும்பி வந்தது. 0.075 மில்லிகிராம் நார்ஜெஸ்ட்ரல் மாத்திரைக்கு அமெரிக்காவில் 1973-லேயே அனுமதி உண்டு, ஆனால் டாக்டர் சீட்டோடு. அதை 'ஓபில்' என்ற பெயரில் சீட்டு இல்லாமல் கடையில் விற்க அனுமதி கேட்டபோது, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சொந்த ஆய்வாளர்களே தயங்கினார்கள். பெண்கள் விதியைப் புரிந்துகொள்வார்களா, நேரத்துக்குச் சாப்பிடுவார்களா, மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் தாங்களாக விலகிக்கொள்வார்களா என்று கேட்டார்கள். நிறுவனத்தின் ஆய்வில் ஏறக்குறைய 30 சதவீதம் பேர், கையில் கொடுத்ததைவிட அதிக மாத்திரை சாப்பிட்டதாகக் குறித்திருந்தது அவர்களுக்குப் பெரிய உறுத்தல். நியாயமான உறுத்தல்தான், மறுப்பதற்கில்லை.

ஆனால் 2023 மே மாதம் கூடிய வெளி நிபுணர் குழு 17-க்கு 0 என்று ஒருமனதாக ஆதரவு தெரிவித்தது. ஜூலை 13-ல் அனுமதி வந்தது. 2024 மார்ச்சில் விற்பனை தொடங்கியது. பிரிட்டன் இன்னும் முன்னால். அங்கே 2021 ஜூலையிலேயே டெசோஜெஸ்ட்ரல் மாத்திரையை டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்க வழி செய்தார்கள். அதில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. அலமாரியில் எடுத்துக்கொண்டு போகும் பொருளாக அல்ல, மருந்தாளுநர் நாலு கேள்வி கேட்டு, விதியைச் சொல்லிக் கொடுக்கும் பொருளாக. பூட்டைக் கழற்றினார்கள், விளக்கத்தைக் கழற்றவில்லை. பின்பற்ற வேண்டிய முன்மாதிரி இதுதான்.

தமிழ்நாட்டில் என்ன நடக்கிறது?

தேசிய குடும்ப நல ஆய்வின் 2019-21 கணக்குப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள திருமணமான பெண்களில் 57.8 சதவீதம் பேரின் குடும்பக் கட்டுப்பாட்டு வழி பெண்ணுக்குச் செய்யும் ஆபரேஷன். ஆணுக்குச் செய்யும் ஆபரேஷன் 1 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. மாத்திரையும் அப்படித்தான். இரண்டாவது குழந்தை, உடனே ஆபரேஷன், கதை முடிந்தது. முதல் குழந்தைக்கும் இரண்டாவதுக்கும் நடுவே என்ன செய்வது? கணவர் பார்த்துக்கொள்வார், பால் கொடுக்கும்வரை ஒன்றும் ஆகாது.... இப்படிப்பட்ட வாய்வழி வைத்தியம்தான். பால் கொடுப்பது பாதுகாப்பு என்பது முழுப்பொய் அல்ல. முழுக்க முழுக்கத் தாய்ப்பால் மட்டும், மாதவிலக்கு திரும்பவில்லை, குழந்தைக்கு 6 மாதம் ஆகவில்லை என்ற மூன்றும் சேர்ந்தால்தான் அது செல்லும். ஒன்று போனாலும் போச்சு.

அந்தத் தாய் மெடிக்கல் ஷாப்பில் போய் "கருத்தடை மாத்திரை" என்று கேட்டால், கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜென் உள்ள கூட்டு மாத்திரை. பிரசவமாகி 6 வாரத்துக்குள், பால் கொடுக்கும்போது, அது கூடவே கூடாது. 6 மாதம் வரை அது நல்ல தேர்வு அல்ல. "குழந்தைக்குப் பால் கொடுக்கிறாயா?" என்ற கேள்வி கேட்கப்படாமலே அட்டை கை மாறுகிறது. பெட்டியைப் பிரித்து அட்டையை மட்டும் கொடுத்தால் துண்டுச்சீட்டு கடையிலேயே நின்றுவிடும். கூடவே வந்தாலும் பெரும்பாலும் ஆங்கிலம், எறும்பு ஊர்வதுபோல் எழுத்து. 1970-ல் அமெரிக்கப் பெண்கள் கத்தி வாங்கிய உரிமை இங்கே கடைக்குப்பையில் கிடக்கிறது.

இன்னொரு வேடிக்கை. டிவி விளம்பரத்தால் பிரபலமான அவசர மாத்திரையும் புரோஜெஸ்டோஜென் மட்டுமே உள்ளதுதான். அதில் லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம். அதே மருந்தின் தினசரி மினி மாத்திரையில் 30 மைக்ரோகிராம். அதாவது 50 மடங்கு! அவசர மாத்திரையை இந்தியாவில் 2005 முதல் சீட்டு இல்லாமல் வாங்கச் சட்டம் அனுமதிக்கிறது. (தமிழ்நாட்டுக் கடைகளில் அதுவும் கிடைப்பதில்லை என்ற புகார் பல வருடமாகச் செய்திகளில் வருவது தனிக்கதை.) அவசரத்துக்கு ஒருமுறை சாப்பிடுவது வேறு, தினமும் காப்பது வேறு என்று தெரியாமல், ஒவ்வொரு முறையும் அவசர மாத்திரையை நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அரசு மருத்துவமனையில் கிடைக்கும் 'சாயா' ஹார்மோனே இல்லாத வேறொரு மாத்திரை. முதல் 3 மாதம் வாரம் இருமுறை, பிறகு வாரம் ஒருமுறை. நாலு மாத்திரை, நாலு விதி. எல்லாவற்றுக்கும் பேச்சு வழக்கில் ஒரே பெயர், "அந்த மாத்திரை". பெயரையே வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படும் ஊரில் விதியை யார் சொல்வது?

"சொன்னால் கெட்டுப்போவார்கள்"

இதுதான் கடைசி ஆயுதம். கல்யாணமாகாத பெண்களும் தெரிந்துகொள்வார்கள், பயம் போய்விடும் என்பது. சொல்லாமல் இருப்பதால் உறவுகள் நிற்பதில்லை, பாதுகாப்புதான் நிற்கிறது. அறியாமையைக் காவல்காரனாக நிறுத்தினால் அவன் பிடித்துக் கொடுப்பது பெண்ணை மட்டும்தான். கூட இருந்த ஆணை அவன் கண்டுகொள்வதே இல்லை.

"டாக்டர் சொன்னால் போதாதா?" என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. டாக்டர் சொன்னால் நல்லதுதான், சொல்லட்டும்! ஆனால் கூட்டம் நெருக்கும் புறநோயாளிப் பிரிவில், வரிசையில் பின்னால் நிற்பவர்கள் காதில் விழும்படி, மாமியார் பக்கத்தில் நிற்க, எந்தப் பெண் வாந்தியைப் பற்றியும் ரத்தப்போக்கைப் பற்றியும் விரிவாகக் கேட்க முடியும்? கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வருகிறார், தடுப்பூசி நாளில் தாயைப் பார்க்கிறார். அவர் கையில் தமிழில், பெரிய எழுத்தில், ஒரு பக்கச் சீட்டு இருக்க வேண்டும். அதே சீட்டு மருந்துக்கடையிலும் அட்டையோடு சேர்ந்தே போக வேண்டும். டிபி மருந்து கொடுக்கும் இடத்திலும் ஒன்று ஒட்டப்பட வேண்டும். செலவு? காகிதமும் மையும்தான்.

விதியைச் சொல்லிவிட்டால் 7 உடனே 0.3 ஆகிவிடும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. மனிதர்கள் மறப்பார்கள், பஸ் தாமதமாகும், அட்டை ஊரில் மறந்துபோகும். தினமும் நேரம் பார்க்க முடியாதவர்களுக்குக் காப்பர்-டி போன்ற வழிகள் மேல் என்று சொல்வதும் விதியைச் சொல்வதில் அடக்கம். ஆனால் சொன்ன பிறகு மறந்தவளையும் சொல்லாததால் தெரியாமல் போனவளையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். இரண்டாமவளின் கணக்கு, சொல்ல வேண்டிய இடத்தில் இருந்துகொண்டு வாயைத் திறக்காதவர்களின் கணக்கில் ஏற வேண்டும்.

எந்த வகை, எத்தனை மணி நேரம், தவறினால் என்ன, வாந்தி எடுத்தால் என்ன, வேறு என்ன மருந்து, ரத்தப்போக்கு எப்படி இருக்கும், யாருக்குக் கூடாது. ஏழே கேள்விகள். இந்த ஏழுக்கும் தமிழில் பதில் கிடைக்காமல் ஒரு பெண்ணின் கையில் அந்த அட்டை போய்ச் சேர்ந்தால், பிறகு நடப்பதற்கு அவள் பொறுப்பல்ல.